மூன்றாம் படியில் விதைப் புத்தகம்

டிசம்பர் 29, திங்கள்

விதைப் புத்தகம் வந்துவிட்டது. காலையில் கொட்டிய பனிக்கு இன்று தபால் வராது என்று நினைத்திருந்தேன். மருமகன் வாசலில் பனி தள்ளி முடித்துவிட்டு, நான் இருக்கும் பேஸ்மென்டுக்கு இறங்கும் படிகளில் மூன்றாம் படியில் வழமை போல் அதை வைத்தார். மேலே நின்றபடியே, "மாமி, புத்தகம் வந்திட்டுது" என்றார். நானும் கீழே நின்றபடியே, "சரி தம்பி" என்றேன்.

எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். மருமகனுக்கு முன்னால் மாமியார் கதிரை போட்டு உட்கார்ந்து கதைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஸ்காபரோவில் இந்த ஒரே வீட்டில் பதினேழு வருடம். அவரும் என் மகள் வதனியும் மேலே, நான் கீழே. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பழுதானால் மட்டும் இறங்கி வருவார். மற்றதெல்லாம் மூன்றாம் படி வழியாகத்தான். தனக்குப் பிடித்த விதைகளுக்கு அவர் நீலப் பேனையால் கோடு போட்டு வைப்பார். நான் சிவப்புப் பேனையால் சரி, பிழை போட்டுத் திரும்ப வைப்பேன். மாசி நடுவில் ஒரு முடிவுக்கு வந்து அவர் ஓடர் பண்ணுவார். சில வீடுகளில் மாமியும் மருமகனும் எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள் கத்தரிக்காய்க்கு மட்டும் பிடிப்போம்.

புத்தகத்தின் பின்பாதி முழுக்கப் பூக்கள். வந்த கையோடு அந்தப் பாதியைக் கிழித்து எடுத்துவிடுவேன். தடித்த, வழுவழுப்பான தாள். மீன் வெட்டும்போது கீழே விரிக்க அதைப் போல் வேறில்லை. சாப்பிட முடியாத எதற்கும் எங்கள் தோட்ட வளவில் இடமில்லை என்பது மருமகனும் நானும் வாதமில்லாமல் ஒத்துக்கொண்ட சட்டம்.

ஜனவரி 3, சனி

நீலக் கோடுகள் வந்துவிட்டன. மிளகாய் இரண்டு வகை, வெண்டி, பயிற்றை. கத்தரியில் மறுபடியும் அந்த உருண்டைக் கத்தரிக்குக் கோடு போட்டிருக்கிறார். போன வருடம் அது முழுக்க விதை. சிவப்பால் பெரிய பிழை போட்டேன்.

புடலங்காயை இந்தப் புத்தகக்காரர்கள் மரக்கறிகளோடு சேர்ப்பதில்லை. விநோதங்கள் என்று பூக்களுக்கு முன்னால் ஒரு பக்கம், அதில் அலங்காரச் சுரைக்காய்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். சமைக்கலாம் என்று ஒரு சொல் இல்லை. பக்கத்தில் மருமகன் நீலத்தில் "ஐயோ பாவம்" என்று எழுதியிருந்தார். தனியே இருந்து சிரித்தேன்.

எங்கள் புடலங்காய் வளையாது. பிஞ்சு விட்டவுடன் நுனியில் பாரம் கட்டிவிடுவோம். ஊரில் கல் கட்டுவார்கள். மருமகன் தன் வேலைத்தலத்தில் கழித்துவிட்ட இரும்பு நட்டுகளை ஒரு பையில் சேர்த்து கராஜில் தொங்கவிட்டிருக்கிறார். பின்வளவில் வெயில் விழுவது வேலியோரம் மட்டும்தான், மீதியைப் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் மறைத்துவிடும். அந்த வேலியோரம்தான் அவர் வருடா வருடம் பந்தல் போடுவார். ஆவணியில் நட்டுகளோடு காய்கள் தொங்குவதைப் பார்க்கவென்றே கோயிலிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

ஜனவரி 6, செவ்வாய்

மேலே இரண்டு நாளாகச் சத்தமில்லை. நல்லது, சண்டை இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வதனி கீழே வந்தாள். உடுப்புத் தோய்க்கிற மெஷின் என் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்காக வந்தாள் என்று நினைத்தேன். கையில் உடுப்பு இல்லை. என் கட்டிலில் இருந்தாள்.

"அம்மா, நானும் குகனும் பிரியப்போறம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? நாங்கள்தான் முடிவெடுத்தனாங்கள். சண்டை ஒண்டுமில்லை. ஆரும் ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை. அவர் சித்திரைக்குள்ள ஒரு இடம் பாத்துக்கொண்டு போவார். நீங்களும் நானும் இஞ்சதான்."

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? அவள் எழும்பி மேலே போய்விட்டாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இந்த நாட்குறிப்புக் கொப்பியில் நான் எழுதுவதில்லை. ஆனால் மருமகன் போனால் அவர் எனக்கு யார் என்று யோசித்தேன். பிரிந்துபோன மருமகனைக் கூப்பிட நம்மிடம் ஒரு சொல் இல்லை. வழியில் கண்டால் சிரிக்கலாமோ, அதுவும் தெரியாது. எனக்கு அவரை இழக்க விருப்பமில்லை. எழுதியாயிற்று, இருக்கட்டும்.

புடலங்காய்க்குச் சிவப்பால் பெரிய சரி போட்டேன்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். மேலே சமையலறையில் பொங்கினோம். பால் பொங்கியதும் வழமை போல் புகை மணி அலறியது. எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கியதை ஊருக்குச் சொல்வது அதுதான். மருமகன் கதிரையில் ஏறித் துவாய்த் துண்டால் விசிறினார். வதனி யன்னலைத் திறந்தாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை, ஆனால் யாருக்கு என்ன வேலை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இப்படிச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஏன் பிரிய வேண்டும்?

இருவரும் சாப்பிடும்போது பரிமாறிக்கொண்டு நின்றபடி கேட்டேன்.

"தம்பி, இந்த முறை பந்தலைக் கொஞ்சம் நீட்டிப் போடுவமோ?"

வதனி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மருமகன் பொங்கலைப் பார்த்தார்.

"பாப்பம் மாமி" என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

குளிர் மைனஸ் பதினெட்டு. கறிவேப்பிலைக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். அது யன்னலோரம் நின்று என்னைப் போலவே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது.

புத்தகத்தில் இதுவரை நான் சிவப்பால் சரி போட்டவை: புடலை, பாகல், பீர்க்கு, நீளப் பயிற்றை. எல்லாம் கொடி. எல்லாவற்றுக்கும் பந்தல் வேண்டும். பந்தல் இல்லாமல் குத்துச் செடியாக வளருகிற பயிற்றையும் அதே பக்கத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்தேன், பிடிக்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

ஒரு கிழமையாகப் புத்தகம் மூன்றாம் படியிலேயே கிடக்கிறது. நீலம் இல்லை. தூசி தட்டி வைத்தேன்.

பிப்ரவரி 4, புதன்

மருமகன் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு படியில் அவர் குரல்.

"மாமி, ஏஜாக்ஸில ஒரு அப்பார்ட்மென்ட் சரிவந்திருக்கு. ஆறாம் மாடி."

"வெயில் விழுமோ தம்பி?" என்று கேட்டேன்.

"பல்கனிக்குப் பின்னேர வெயில் வரும்." தொடர்ந்து, "நீங்கள் யோசியாதேங்கோ. மே லோங் வீக்கெண்டுக்கு வந்து பந்தல் போட்டுத் தருவன். விதையளை ஓடர் பண்ணுவம்" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் இரவு புட்டுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். மேயில் பந்தல் போட வருவார். காய் பிடித்தால் நட்டுக் கட்ட வருவார். குளிர் தொடங்கப் பந்தலைக் கழற்ற வேண்டும், அதற்கும் வருவார். அதற்குள் அடுத்த புத்தகம் வந்துவிடும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வதனிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, மருமகன் மே மாதம் வருவதாகச் சொன்னேன்.

"ஏன் வாறார்?"

"பந்தல் போட."

"பேந்து?"

"பேந்து ஆவணியில நட்டுக் கட்ட வேணும். ஒக்டோபரில கழட்ட வேணும்."

அவள் என் கையைத் தட்டிவிட்டு எழும்பினாள். தலையில் எண்ணெய் பாதி பக்கம்தான் வைத்திருந்தேன்.

"அம்மா, நான் அந்த மனுசனிட்டயிருந்து பிரியிறன். நீங்கள் அவருக்கு ஒக்டோபர் மட்டும் வேலை குடுத்து வைச்சிருக்கிறியள்."

"பந்தல் இல்லாமல் புடலங்காய் வராது பிள்ளை."

"உங்கட புடலங்காயைக் கொண்டுபோய்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "பின்னேரம் வேலையால வந்து அவர் என்னோட என்ன கதைப்பார் எண்டு தெரியுமோ? அந்தப் புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு, மாமிக்கு இந்தக் கத்தரி பிடிக்காது, மாமி இதுக்கு ஓம் எண்டுவா. அவ்வளவுதான். உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது எண்டு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டுப் பாருங்கோ, ஒண்டு சொல்லமாட்டார். நீங்கள் சொல்லுவியளோ? நீங்கள் ஆருக்கு அம்மா?"

மீன் பொரியல் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். மீன் பொரியல் எனக்கும் மருமகனுக்கும்தான் பிடிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள்.

பிப்ரவரி 9, திங்கள்

பனி. ஒரு வேலையும் செய்யவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பாரை மீன் இரண்டு கிடந்தது, வெட்டுவதற்குப் பூப் பக்கங்களை எடுத்து விரித்தேன். மேல்தாளில் ஏற்கெனவே போன கிழமையின் மீன் கறை. அடுத்த தாளில் ஒரு பூ. சோற்றுக் கோப்பை அளவு, கடும் சிவப்பு, இதழ் இதழாக அடுக்கிக்கொண்டு போனது. டாலியா என்று போட்டிருந்தது. இதன் மேல் எத்தனை வருடமாக மீன் வெட்டியிருக்கிறேன், ஒரு தரமும் வாசித்ததில்லை. முழு வெயில் வேண்டுமாம். கிழங்கு நட வேண்டுமாம். கிழங்கு என்றவுடன் கொஞ்சம் மதிப்பு வந்தது, ஆனால் சாப்பிடுகிற கிழங்கு இல்லை.

அந்த நேரம் வதனி உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. மெஷினைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்ச வா. இதில உனக்கு என்ன பிடிக்கும்?" என்று தாளை நீட்டினேன்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"பாத்துட்டுச் சொல்லு."

வாங்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"மீன் மணக்குது."

"மணக்கத்தான் செய்யும். மீன் தாள்தானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் வந்தது. கையில் கத்தியும் செதிலுமாக நின்று சிரித்தேன். பிறகு அவள் மெஷினில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். கடைசியில் அந்தச் சிவப்பு டாலியாவிலேயே வந்து நின்றாள்.

"இந்த வீட்டுக்கு வந்த முதல் வருசம் நான் இது மூண்டு சட்டி வாங்கிக்கொண்டு வந்து வேலியோரம் நட்டனான். வேலைக்குப் போட்டு வந்து பாத்தா அந்த இடத்தில பாகல் நிக்குது. நீங்கள் ரெண்டுபேரும் நிண்டு, சாப்பிடேலாத மரத்துக்கு இஞ்ச இடமில்லை எண்டு சிரிச்சியள்."

அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நடந்திருக்கும். அந்த வருடம் பாகல் நன்றாகக் காய்த்தது ஞாபகமிருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பின்வளவை யன்னலால் பார்த்தேன். பனிக்கு மேல் போன வருடப் பந்தலின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வெயில் அந்த ஒரு கீற்றுத்தான். பந்தல் போட்டால் அதன் நிழலில் டாலியா வராது. டாலியா வைத்தால் பந்தலுக்கு இடமில்லை. வேறு மூலையில் இரண்டையும் சமாளிக்கலாமா என்று தாளில் கீறிக் கீறிப் பார்த்தேன். மேப்பிள் மரம் விட்டுக்கொடுக்கவில்லை.

பாகல், பீர்க்கு, நீளப் பயிற்றை மூன்றையும் புத்தகத்தில் சிவப்பால் வெட்டினேன். புடலையும் வெட்டப் போய் விட்டுவிட்டேன். பிடிக்காத குத்துப் பயிற்றைக்குச் சரி போட்டேன். டாலியாக் கிழங்கு மூன்று. வதனியையே தன் போனில் ஓடர் பண்ணச் சொன்னேன். முதல் தரமாக அவள் புத்தகத்தைத் திறந்து, நீலத்தையும் சிவப்பையும் பார்த்தாள். "ஐயோ பாவம்" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள்.

மருமகனுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மிளகாய், கத்தரி விதைகளை முளைக்கப் போட்டேன். ஈரத் துணியில் சுற்றி ஃபேர்னஸ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோடைக்காக நாடெங்கும் மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளிய நாள், ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை.

மார்ச் 14, சனி

மருமகனிடம் சொல்லிவிட்டேன். அவர் படியின் மேலே நின்றார். நான் கீழே நின்றேன்.

"தம்பி, இந்த முறை பந்தல் வேண்டாம்."

"ஏன் மாமி? நான் வருவன் எண்டு சொன்னனான்தானே."

"நீங்கள் வருவியள், எனக்குத் தெரியும். அதுக்கில்லை. வெயில் விழுற இடத்தில வதனி பூ வைக்கப்போறாள்."

அவர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபேர்னஸ் ஒரு தரம் ஓடி நின்றது.

"வதனிக்குப் பூ விருப்பமோ?" என்று கேட்டார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவரிடம் கோபப்பட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"எனக்கும் போன மாசம்தான் தெரியும் தம்பி" என்றேன்.

அவர் மெல்ல இறங்கி வந்தார். ஃபேர்னஸ் பழுதில்லை, சும்மா இறங்கி வந்தார். மூன்றாம் படியில் குந்தினார். நானும் உடுப்புக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன். இவ்வளவு வருடத்தில் அவருக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். மிளகாய் முளைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். இரண்டு முளைத்திருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 18, சனி

புடலை விதைகளின் விளிம்பை நகவெட்டியால் கொஞ்சம் நறுக்கி ஊறப்போட்டேன். மூன்று விதை.

ஏப்ரல் 25, சனி

மருமகன் போய்விட்டார். அவருடைய நண்பர் ஒரு வானோடு வந்தார். சாமான் அதிகமில்லை. வதனி வாசல் வரை போய், குளிர் உடுப்புப் பெட்டி ஒன்றை மறந்துவிட்டார் என்று எடுத்துக் கொடுத்தாள். இருவரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். படியில் நின்று, "மாமி, போட்டு வாறன்" என்றார். போய் வாங்கோ என்றேன். கராஜில் நட்டுப் பை அப்படியே தொங்குகிறது.

ஃபேர்னஸ் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் மகன் போனது போல் இருந்தது. அதை வதனிக்கு முன்னால் அழக்கூடாது. அவளுடைய துக்கம் வேறு, அதற்குப் பக்கத்தில் என்னுடையதைக் கொண்டுபோய் வைப்பது சரியில்லை.

வெளியே வந்தபோது வதனி மெஷினுக்கு முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அழுதனீங்களோ?"

"தூசி" என்றேன்.

"எனக்கும் தூசிதான்" என்றாள்.

மே 17, ஞாயிறு

உறைபனி இனி இல்லை என்று ரேடியோ சொன்னது. நானும் வதனியும் டாலியா நட்டோம். பந்தலின் பழைய கால்களை வதனியே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மேலே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். டாலியாப் பக்கத்தை எடுத்துவந்து இருவரும் வாசித்தோம். மீன் தாள்தான்.

பின்னேரம் மருமகன் வந்தார். நான் கூப்பிட்டேன், வதனிக்குச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிட்டேன். முளைத்த மூன்று புடலையில் நல்லதை ஒரு வாளியில் நட்டு வைத்திருந்தேன். கராஜ் வாசலில் வைத்துக் கொடுத்தேன்.

"பல்கனிக் கம்பியில படர விடுங்கோ. பின்னேர வெயில் போதும்."

"ஆறாம் மாடியில இருந்து தொங்குமே மாமி. கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம்?"

"விநோதம் எண்டு சொல்லுவினம். புத்தகத்திலயே இருக்குது" என்றேன். நட்டுப் பையையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார், ஆனால் பையை வாங்கியபோது கொஞ்ச நேரம் என் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார்.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

மருமகன் போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறார். புடலங்காய் ஒன்று நட்டோடு பல்கனியிலிருந்து நேராகத் தொங்குகிறது. ஐந்தாம் மாடிக்காரி ஒரு பிலிப்பீன்ஸ் பெண்ணாம், தன் பக்கம் வரும் பாதி தனக்கு என்று சொல்லிவிட்டாளாம். கொடுக்கச் சொன்னேன்.

குத்துப் பயிற்றை பரவாயில்லை.

ஓகஸ்ட் 16, ஞாயிறு

காலையில் படியில் ஏதோ வைக்கிற சத்தம். வதனி மேலே நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, பூ வந்திட்டுது."

மூன்றாம் படியில் ஒரு ஜாம் போத்தல், அதில் ஒரே ஒரு டாலியா. கடும் சிவப்பு, படத்தில் இருந்ததைவிடப் பெரிது. முகர்ந்து பார்த்தேன், மணம் ஒன்றுமில்லை. சாப்பிடவும் முடியாது. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது.

சரி பிள்ளை என்று கீழே நின்றே சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அவளுக்கு முன்னால் மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.